லாஸ்ட் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்

1. பத்து நாற்பது

ஒரு திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, டீ பிரேக் முடிந்து பெல் அடித்த கையோடு, என் மகன் எபிநேசர் கம்பெனியின் பாஸ்கெட்பால் டீமை விட்டுப் போகிறேன் என்று அறிவித்தான். ரகசியமாக இல்லை, டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி அறிவித்தான். அந்தக் குரூப்பில் சேர்மன் இருக்கிறார், ஜெனரல் மேனேஜர் இருக்கிறார், கோச் இருக்கிறார், பெற்ற தாய் நானும் இருக்கிறேன். எல்லோரும் படித்தோம். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை.

அந்த வாரத்துக்குப் பிறகு போனில் டிங் என்று சத்தம் வந்தால் இன்றும் நான் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பதில் போடுகிறேன். ஷூ ஃபேக்டரிக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் லாஸ்ட் ஸ்டோர் இன்சார்ஜ். வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்: லாஸ்ட் என்பது பாதத்தின் அச்சு. பிளாஸ்டிக்கில் கடைந்த கால். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டினால்தான் ஷூவுக்கு உருவம் வரும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வந்த முதல் நாள், ரேக் ரேக்காக அடுக்கியிருந்த கால்களைப் பார்த்து இதென்ன வேலை என்று பயந்தேன். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த மாடல், எந்த சைஸ், எந்த ரேக் என்று சொல்வேன். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ‘லாஸ்ட் வண்டி’ என்று கூவினால்கூட எத்தனை ஜோடி என்று கேட்கத் தோன்றும். எங்கள் ஃபேக்டரியில் எல்லோரும் அப்படித்தான்.

எபி கம்பெனி டீமின் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆள். எங்கள் வீட்டு வாசலில் குனியாமல் அவனால் நுழைய முடியாது. கம்பெனிச் சம்பளப் பட்டியலில் அவன் குவாலிட்டி கன்ட்ரோல் டிரெய்னி. நான்கு வருடமாக டிரெய்னி. தோலில் எது கழுத்து, எது வயிறு என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அவன் வேலை பந்தைக் கூடையில் போடுவது. கோப்பை வந்ததும் சேர்மனுக்குப் பக்கத்தில் முழங்காலை மடக்கி உயரத்தைக் குறைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பது.

இந்த நிலையில் சென்னையிலிருந்து ஒரு டீம் அவனைக் கேட்டது. லீக் ஆடுகிற பெரிய டீம். வீட்டில் வந்து சொன்னான்.

“கூப்பிட்டிருக்காங்கமா. யோசிக்கிறேன்.”

“யோசிடா” என்றேன். அந்த யோசனை முடியவே கூடாது என்று தினமும் ஜெபம் பண்ணினேன். அவனுக்குத் துணி காயப்போடத் தெரியாது, பசித்தால் சொல்லத் தெரியாது. அவனை எப்படி அனுப்புவது?

ஷூ விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ரேக்கில் நாற்பத்தாறாம் சைஸுக்கு மேல் லாஸ்ட் கிடையாது. எபிக்கு நாற்பத்தொன்பது. போன வருடப் பரிசளிப்பு விழாவில் ஜி.எம். ரியாஸ் சார் மைக்கைப் பிடித்து, “உலகத்துக்கே ஷூ போடறோம், நம்ம பையனுக்குப் போட மாட்டோமா?” என்று கேட்டார். கைதட்டல் கிடைத்தது. ஷூ கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எபி மாதம் ஒரு தடவை குரூப்பில் ‘சார், என் லாஸ்ட்?’ என்று கேட்பான். ரியாஸ் சார் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போடுவார். அதோடு முடிந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை வந்த செய்தி இதுதான்: ‘சண்டே மேட்ச் என் லாஸ்ட். எல்லாருக்கும் தேங்க்ஸ்.’

2. கட்டைவிரல்

சண்டே மேட்சுக்கு என் லாஸ்ட் வேண்டும் என்று நாங்கள் படித்தோம். தேங்க்ஸ் என்பதை நக்கல் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு வருடமாக இழுத்தடித்தால் பிள்ளை கோபப்பட மாட்டானா?

ரியாஸ் சார் வழக்கம்போல் கட்டைவிரல் போட்டார். இந்தத் தடவை, ‘சாட்டர்டேக்குள்ள முடிச்சிடலாம்’ என்று ஒரு வரியும் சேர்த்தார். லாஸ்டிங் செக்‌ஷன் மேஸ்திரி தணிகாசலம், ‘கவலைப்படாத தம்பி, நாங்க இருக்கோம், ஜம்முனு அனுப்பி வெக்கிறோம்’ என்று போட்டார். வெளிநாட்டில் தோல் கண்காட்சிக்குப் போயிருந்த சேர்மன், ‘அப்ரூவ்ட்’ என்று ஒரே வார்த்தை போட்டார். கோச் திருமால் சார் கும்பிடும் கை போட்டார். அவர் பிறந்தநாளுக்கும் அதைத்தான் போடுவார், சாவுச் செய்திக்கும் அதைத்தான் போடுவார்.

நான் என்ன போட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ‘அப்பாடா. ஒரு வழியா முடியுது.’ கூடவே ஒரு சிவப்பு இதயம்.

எபி அப்போது வீட்டில் இல்லை. மேட்சுக்கு முந்தைய வாரம் முழுக்க டீமுக்குக் கேம்ப். பாகாயம் பக்கம் ஒரு மைதானம். போன்களைக் கோச் வாங்கி ஒரு பையில் போட்டுப் பூட்டிவிடுவார். காலைப் பிராக்டிஸ் முடிந்ததும் கொஞ்ச நேரம் கொடுப்பார். புதன்கிழமை அந்த நேரத்தில் அவனே கூப்பிட்டான். நான் ஸ்டோரில் கையில் ஒரு காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

“மா, குரூப்ல போட்டேனே, பார்த்தியா?”

“பார்த்தேன்டா. இங்க எல்லாருக்கும் இப்போ அதே வேலைதான்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

“சொல்றதுக்கு இன்னா இருக்கு? சேர்மனே சரின்னுட்டாரு.”

“நீ இன்னா சொல்றே?”

“நான்தான்டா முன்னாடி நின்னு முடிச்சுக் குடுக்கறேன். எத்தினி நாளா இழுத்துக்கிட்டு கெடந்துச்சு, பெரிய பேஜார் வுட்டுச்சுன்னு இருக்கேன்.”



“அப்பாவுக்குத் தெரியுமா?”

“சனிக்கிழமை வருவார் இல்ல, அப்போ சர்ப்ரைசா சொல்லிக்கலாம்.”

“சரிமா” என்று வைத்துவிட்டான். பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்களிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

3. பிரவுன் கலர் பாஸ்கெட்பால் ஷூ

ராணிப்பேட்டையில் இருக்கும் லாஸ்ட் மேக்கரைக் கெஞ்சி நாற்பத்தொன்பதாம் சைஸில் ஒரு ஜோடி கடைந்து வாங்கினோம். அதை என் மேஜைமேல் வைத்தபோது ஸ்டோரில் இருந்த எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சின்னக் குழந்தையை அதன்மேல் படுக்க வைக்கலாம்.

பிறகு ரியாஸ் சார் அறையில் மீட்டிங். நாங்கள் செய்வது ஆபீஸுக்குப் போட்டுப் போகும் லெதர் ஷூ. பாஸ்கெட்பால் ஷூ செய்ததே இல்லை. இதை மீட்டிங்கில் எடுத்துச் சொன்னவர் தணிகாசலம் மேஸ்திரி ஒருவர்தான்.

“அடியில இன்னா சோல் சார் போடறது? நம்மகிட்ட லெதர் சோல்தான் ஸ்டாக்ல இருக்கு.”

“வழுக்குமா?” என்றார் ரியாஸ் சார்.

“நல்லா வழுக்கும் சார்.”

“கொஞ்சம் வழுக்கினா ஸ்பீடு ஜாஸ்தியாகும்ல?”

“ஆகும் சார். நிக்கறதுதான் கஷ்டம்.”

போன் ஸ்பீக்கரில் இருந்த சேர்மன், கம்பெனி பெயர் இரண்டு பக்கமும் வர வேண்டும், போட்டோகிராபர் எந்தப் பக்கம் நின்றாலும் தெரிய வேண்டும் என்றார். கலர் என்ன என்று கேட்டதற்கு, போன ஆர்டரில் மிஞ்சிய பிரவுன் தோல் இருக்கிறதே, அது எதற்கு என்றார். கணுக்காலுக்கு மேல் உயரம் வேண்டும் என்று நான் சொன்னேன். சேர்மனுக்கு அது பிடித்திருந்தது. பெயர் எழுத இடம் அதிகம் கிடைக்கும் என்றார்.

கடைசியில் எங்கிருந்தோ ஒரு ரப்பர் சோல் கிடைத்து அதை ஒட்டினார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஷூ ரெடி. கல்யாண மாப்பிள்ளை மழையில் போட்டுப் போவது மாதிரி இருந்தது. ஆனாலும் அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது உண்மை. ஒரு ஃபேக்டரியே நின்று என் பிள்ளைக்காகச் செய்தது. இதற்குப் பிறகு சென்னையாவது, லீக்காவது என்று நினைத்தேன்.

4. மத்த ஊர்ல கடைசி

என் வீட்டுக்காரர் நெமிலியில் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வாரம் முழுக்க அங்கே தங்கிவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அவருக்கும் ஷூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலில் ரப்பர் செருப்பு. அவர் கை கழுவி உட்கார்ந்ததும் ஷூ போட்டோவைக் காட்டினேன். எபி எப்படிக் கேட்டான், நாங்கள் எப்படிச் செய்தோம் என்று சொல்லிவிட்டு, குரூப்பைத் திறந்து அவன் செய்தியையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

“போறானா?” என்றார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“எங்கங்க போறான்?”

“சென்னைக்குத்தான். சண்டே மேட்ச்தான் என் கடைசின்னு எழுதியிருக்கானே.”

“ஐயோ, அது லாஸ்ட்டுங்க. அச்சு.”

“உங்க ஃபேக்டரியில அச்சு. மத்த ஊர்ல கடைசி.”

நான் அவரோடு சண்டை போட்டேன். உங்களுக்கு என்ன தெரியும் தொழிலைப் பற்றி என்று கேட்டேன். அவர் போனை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அந்தச் செய்தியைக் கடைசி என்று வைத்துப் படித்தேன். பிறகு அதற்குக் கீழே வந்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். கட்டைவிரல். சாட்டர்டேக்குள்ள முடிச்சிடலாம். ஜம்முனு அனுப்பி வெக்கிறோம். அப்ரூவ்ட். கும்பிடும் கை. அதற்கும் கீழே பெற்ற தாய்: அப்பாடா, ஒரு வழியா முடியுது.

“இதயம் வேற போட்டிருக்கே” என்றார் அவர்.

கோச்சைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எல்லாப் போனும் பைக்குள் இருக்கிறது என்றால் அவருடையதும் அதே பைக்குள்தான் போலிருக்கிறது. ரியாஸ் சாரைக் கூப்பிட்டேன்.

“இன்னா மேடம் சொல்றீங்க? ஒரு நிமிஷம் இருங்க, உக்காந்துக்கறேன்.” அவர் உட்காரும் சத்தம் கேட்டது. “போறானா? தம்ஸ் அப் போட்டுட்டேனே மேடம் நான்!”

“எல்லாரும்தான் சார் போட்டோம்.”

“இப்போ எடுத்துட்டா தெரியுமா? ஐ.டி. பையனைக் கேக்கறேன், லைன்லயே இருங்க.”

லைனில் இருந்தேன். எடுக்கலாம், ஆனால் பார்த்தவன் பார்த்தவன்தான் என்று ஐ.டி.யிலிருந்து தகவல் வந்தது. ரியாஸ் சார் எடுத்துவிட்டார். கட்டைவிரல் இருந்த இடத்தில் அழும் முகம் ஒன்றைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக அழும் முகம் போட்டார்கள், எதற்கு என்று தெரியாமலே. சேர்மனும் ஒன்று போட்டார். பிறகு தனியாக ரியாஸ் சாரைக் கூப்பிட்டு, யார் செத்தது என்று கேட்டாராம்.

5. பெஞ்ச்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்பூர் மைதானத்துக்கு டீம் வேன் வருவதற்கு முன்பே நாங்கள் போய் நின்றோம். எபி இறங்கியதும் ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். லாஸ்ட் என்றால் அச்சு என்று நினைத்துவிட்டோம், எல்லோருமே, ஃபேக்டரி முழுக்க.

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். டீம் பையன்களும் சிரித்தார்கள். அவர்கள் ஒரு வாரமாகக் கம்பெனிமேல் கோபமாக இருந்தார்களாம், இவ்வளவு வருஷம் ஆடினவனைக் கட்டைவிரல் காட்டி அனுப்புகிறதே என்று. கோச் திருமால் சார் அந்தக் கோபத்தைப் பார்த்துவிட்டு, பையன்களுக்கு மேட்ச் சீரியஸ்னெஸ் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

“அப்போ நான் போறேன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதா?” என்றான் எபி.

“தெரிஞ்சா வுட்டிருப்போமாடா?” என்றேன்.

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவன் இங்கேயே இருந்திருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு வாரம் பேசாததை எல்லாம் ஒரே நேரத்தில் பேசித் தீர்த்தோம்.

முதலில் கோச். “டேய், உன்ன நம்பித்தான்டா வாணியம்பாடி டோர்னமென்டுக்குப் பேர் குடுத்துட்டேன். நீ இல்லன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போறது?”

அடுத்து ரியாஸ் சார். “தம்பி, நாப்பத்தொம்பது லாஸ்ட் ஒரு ஜோடி பண்ணியாச்சு. நீ போய்ட்டா அத வேற எவன் காலுக்குப்பா போடறது? ஆடிட்ல கேட்டா இன்னா சொல்வேன்? டிரெய்னி போதாதுன்னா சொல்லு, சீனியர் டிரெய்னின்னு போட்டுடலாம்.”

சேர்மன் வீடியோ காலில் வந்தார். ரியாஸ் சார் போனை எபியின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கை எட்டாமல் பெஞ்சின்மேல் ஏறி நின்றார். “கம்பெனி காலண்டருக்கு உன் போட்டோ போய்டுச்சு, தெரியும்ல? டிசம்பர்ல நீதான் நிக்கறே” என்றார் சேர்மன். “இல்லாத ஆளை எப்படிப்பா காலண்டர்ல போடறது?”

கடைசியில் நான். “அங்க உனக்கு யாருடா இருக்காங்க? நீ போய்ட்டா நான் எப்படிடா தூங்கறது?”

எபி எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டான். வெளிச்சம் போய்விட்டிருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போய்ப் பேசினான். கோபமே இல்லாமல் பேசினான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“மா, திங்கட்கிழமையிலருந்து யாராவது ஒருத்தர் ‘ஏன்டா போறே’ன்னு கேப்பாங்கன்னு பார்த்தேன். கேட்டிருந்தா போறதா வேணாமான்னு இன்னும் யோசிச்சிட்டு இருந்திருப்பேன்.”

“இப்போ கேக்கறோமேப்பா.”

“இப்பவும் யாரும் கேக்கலமா. இருன்னு சொல்றீங்க. கோச்சுக்கு மூஞ்சி, ஜி.எம்.முக்கு ஆடிட், சேர்மனுக்குக் காலண்டர். உனக்குத் தூக்கம். என் ஆட்டத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல.” மைதானத்தைக் காட்டிச் சொன்னான்: “இந்த ஊர்ல என்னைத் தடுக்கறதுக்கு ஆள் இல்லமா. எல்லாரும் என்னைவிட ஒரு அடி கம்மி. நான் குதிக்காமலே போடறேன். நாலு வருஷமா அதேதான். அங்க போனா முதல் வருஷம் பெஞ்சுலதான் ஒக்கார வெப்பாங்க. அந்தப் பெஞ்சுலயாவது ஒக்காரணும்னு தோணுது.”

சைஸ் வாரியாகக் கால்களை அடுக்கத் தெரிந்த எனக்கு, என் வீட்டில் வளர்ந்த ஒன்றுக்கு இந்த ரேக் போதவில்லை என்பது கண்ணில் படவில்லை.

“போய்ட்டு வாடா” என்றேன். அது அவன் உயரத்துக்கு எட்டவில்லை. அவன் குனிந்து காதைக் கொண்டுவந்தான். மறுபடியும் சொன்னேன்.

போட்டோவுக்காகப் பிரவுன் ஷூவைப் போட்டுக்கொண்டு நின்றான். விசில் அடித்ததும் கழற்றி பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுத் தன் பழைய ஷூவைப் போட்டு ஆடினான். டீம் ஜெயித்தது. அன்றைக்குத்தான் அவன் எல்லாப் பந்தையும் குதித்துப் போட்டதைப் பார்த்தேன். தேவையே இல்லை. இருந்தாலும் குதித்தான்.

6. அன்றைக்கு வந்தவர்

ரியாஸ் சார் மைதானத்திலேயே நாளைக்குப் போடவேண்டிய சர்குலரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இனிமேல் லாஸ்ட் என்ற வார்த்தையை அச்சு என்ற அர்த்தத்தில் மட்டும்தான் எழுத வேண்டும், மற்றதற்கு ஃபைனல் என்று எழுத வேண்டும் என்றார். ஃபைனல் என்றால் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட் சார், அவங்க தலைமேல வந்து வுழும் என்றார் தணிகாசலம் மேஸ்திரி. யோசிக்கலாம் என்றார் ரியாஸ் சார். இன்னும் யோசிக்கிறார்கள்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தொழில் வார்த்தை நன்றாகப் பழகட்டும், அது சோறு போடும். ஆனால் ஒரு மனுஷன் உங்களிடம் எதையாவது சொன்னால், அது உங்கள் ரேக்கில் இருக்கும் சாமான்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கட்டைவிரலைத் தூக்குவதற்கு முன்னால் ‘ஏன்’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முக்கியமாக, அந்த ஆள் உங்கள் வீட்டு ஆளாக இருந்தால்.

சென்னை டீமுக்கு அன்று பதில் சொல்வதாக எபி சொல்லியிருந்தான். மேட்சையும் பார்த்துவிட்டு அவனிடம் நேரில் பேச அவர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். காவேரிப்பாக்கம் பக்கம் ஹைவேயில் லாரி ஒன்று குறுக்கே நின்று கார் மாட்டிக்கொண்டது. மேட்ச் முடிந்து, கோப்பை கொடுத்து, பந்தல் பிரிக்கும்போதுதான் அந்தக் கார் வந்து சேர்ந்தது. கோட்டு போட்ட மேனேஜர் யாராவது இறங்குவார் என்று ரியாஸ் சார் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். இறங்கியது டிராக் பேன்ட் போட்ட ஒரு பெண். டீமின் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயது இருக்கும்.

எபியிடம் ஒரு ஹலோ சொன்னாள். ரியாஸ் சார் நீட்டிய கையைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

“ஆன்ட்டி, நீங்கதானே அம்மா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இவரோட மேட்ச் வீடியோ எல்லாத்தையும் பார்த்துட்டேன். பந்தைப் பிடிக்க எப்பவாவது குதிச்சு இறங்கறப்போ ஒரு முட்டியைத் தாங்கித் தாங்கி இறங்கறாரு. போன்ல கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு. எப்போலருந்து ஆன்ட்டி வலிக்குது? நீங்களாவது நிஜத்தைச் சொல்லுங்க.”

வலிக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.